அம்மாவுக்கு ஒரு பால்கனி

அலாஸ்கா போகும் கப்பலில் எந்த அறையை எடுப்பது என்று பேச்சு வந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அம்மாவின் முழங்கால்கள். அடுத்தது, படுக்கையில் சட்டென்று புரண்டாலே வந்துவிடும் அவளுடைய தலைசுற்றல். தம்பி வான்கூவரை ஒட்டிய சர்ரேயில் இருக்கிறான். அம்மாவும் நானும் திருச்சியிலிருந்து அவன் வீட்டுக்குப் போயிருந்த கோடையில், வான்கூவரில் ஏறி வடக்கே விட்டியர் என்ற சிறிய துறைமுகத்தில் இறங்கும் ஒருவழிப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தான். கப்பல், தேதி, விமானம் எல்லாம் அவன் பொறுப்பு. அறையை மட்டும் என்னிடம் விட்டான். "அம்மாவோட தூங்கப்போறது நீதானேக்கா, நீயே பாரு" என்றான்.

ஜன்னலே இல்லாத உள்ளறை விலை குறைவு. பார்க்க வேண்டியதை மேல்தளத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அறை தூங்குவதற்குத்தானே என்று அதை எடுப்பவர்கள் நிறையப் பேர். நடமாட்டத்தில் குறையில்லாதவர்களுக்கு அது நியாயமான கணக்கு. அம்மாவால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. பனிப்பாறை வரும்போது திறந்த தளத்தில் மூன்று வரிசைக்கு ஆள் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தின் முதுகைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். உட்கார்ந்தபடியே, குளிரெடுத்தால் உள்ளே போய், மறுபடி வெளியே வந்து, தன் இஷ்டத்துக்குப் பார்க்க அவளுக்கென்று ஓர் இடம் வேண்டும். ஆகவே பால்கனி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தப் பால்கனி என்பதுதான் கேள்வி.

தம்பி குடும்பத்துக்கு ஏற்கெனவே ஒரு பாடம் கிடைத்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஒரு கப்பலில், அறை எண்ணைக் கம்பெனியே பின்னால் ஒதுக்கித் தரும் மலிவுக் கட்டணத்தில் போயிருந்தார்கள். கிடைத்தது நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே இருந்த அறை. விடிவதற்கு முன்பே மேலே சாய்வு நாற்காலிகளை வரிசைப்படுத்த இழுப்பார்கள். இரும்புத் தளத்தில் நாற்காலிக் கால் உரசும் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். ராத்திரி அதே இடத்தில் பாட்டும் ஆட்டமும். என் தம்பி மனைவி அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் கடலைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டாள், அந்த நாற்காலிகளைப் பற்றித்தான் சொல்லுவாள்.

அதனால் டிக்கெட் ஏஜென்ட்டிடம் விலைப்பட்டியலுக்கு முன்னால் டெக் பிளானைக் கேட்டேன். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தாள். அவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. எல்லாத் தளமும் ஒரே மாதிரி சின்னச் சின்னக் கட்டங்கள். தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் செய்தது இது: நாங்கள் யோசிக்கும் தளத்தின் தாளை நடுவில் வைத்து, அதற்கு மேல் தளத்தின் தாளையும் கீழ்த் தளத்தின் தாளையும் லிஃப்ட் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி அடுக்கி, மூன்றையும் சேர்த்துக் கண்ணாடிக் கதவில் வெயிலுக்கு எதிரே பிடித்தேன். அப்போது தெரிந்துவிடுகிறது, இந்த அறையின் கூரைக்கு மேலே பஃபே சாப்பாட்டுக்கூடமா, உடற்பயிற்சிக் கூடமா, இன்னொரு குடும்பத்தின் படுக்கையா என்று. தரைக்குக் கீழே நாடக அரங்கு இருந்தால் இரவுக் காட்சி முடியும்வரை தாளச் சத்தம் ஏறிவரும். தாளில் பெயர் எதுவும் இல்லாமல் வெள்ளையாக விடப்பட்ட இடங்கள் இருக்கும். அவை காலியிடங்கள் அல்ல. சமையல்கூடமோ, துணி அடுக்கும் அறையோ, சிப்பந்திகள் தள்ளுவண்டியோடு போய்வரும் கதவோ அங்கே இருக்கும். அவற்றுக்குப் பக்கத்து அறையில் இரவு முழுக்கக் கதவு அடிக்கும். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் அறைதான் அமைதியான அறை. மனிதர்கள் தூங்கும் இடத்துக்கு நடுவில் தூங்க வேண்டும்.

அடுத்தது ஆட்டம். கப்பல் இரண்டு விதமாக ஆடும். பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்வது ஒன்று. அது மேலே போகப் போக அதிகமாகத் தெரியும். முன்பக்கம் எழும்பிப் பின்பக்கம் அமிழ்வது இன்னொன்று. அது இரு முனைகளிலும் கடுமையாக இருக்கும், நடுவில் குறைந்துவிடும். பஸ்ஸில் கடைசி ஸீட்டில் உட்கார்ந்தவரைத்தான் வேகத்தடை தூக்கிப் போடும், நடு ஸீட்காரருக்கு அவ்வளவு தெரியாது, அதே கதைதான். இப்போதைய கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் உண்டு. அவை பக்கவாட்டுச் சாய்வைத்தான் கட்டுப்படுத்தும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதற்கு அவற்றிடம் மருந்து கிடையாது. ஆகவே தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இடம் ஒன்றுதான்: கப்பலின் நடு, கூடுமானவரை கீழ்.

'கூடுமானவரை' என்று சொல்வதற்குக் காரணம், பால்கனி அறைகள் பெரும்பாலும் உயிர்காப்புப் படகுகளுக்கு மேலேதான் தொடங்குகின்றன. 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் கையெழுத்தான முதல் உலக ஒப்பந்தத்திலிருந்து கப்பலில் இருக்கும் அத்தனை பேருக்கும் உயிர்காக்க இடம் இருந்தாக வேண்டும் என்று விதி. சீக்கிரம் இறக்க வசதியாக அந்தப் படகுகளைத் தாழ்வான தளத்தில் வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். அந்த வரிசைக்கு எதிரே இருக்கும் அறையில் கடலுக்குப் பதில் ஆரஞ்சு நிறப் படகின் முதுகு தெரியும். 'காட்சி மறைக்கப்பட்டது' என்று போட்டு விலையைக் குறைத்திருப்பார்கள். அதற்கு அடுத்த தளத்தில் கடல் தெரியும், ஆனால் எட்டிக் கீழே பார்த்தால் படகுக் கூரைதான். இரண்டு தளம் தள்ளி எடுத்தேன். பால்கனி என்பதே கப்பலுக்குப் புதிது என்று பலருக்குத் தெரியாது. 1984இல் டயானா இளவரசி பெயர் சூட்டிய ராயல் பிரின்சஸ் கப்பலில்தான் உள்ளறையே இல்லாமல் எல்லா அறையையும் வெளிப்புறத்தில் வைத்தார்கள். அதிலும் ஒரு பகுதி அறைகளுக்குத்தான் பால்கனி. அதற்கு முந்தைய தலைமுறைக்குப் போர்ட்ஹோல் எனும் வட்டக் கண்ணாடிதான் கடல்.

தம்பிக்குக் கடைக்கோடியில், பின்பக்கம் பார்த்த பால்கனி வேண்டும் என்று ஆசை. கப்பல் கிழித்துவிட்டுப் போகும் நுரைப்பாதை கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டுகொண்டே இருக்கும், எதிர்க்காற்றும் அடிக்காது. அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அடியிலே சுழலிகள் ஓடுகின்றன. துறைமுகத்துக்குள் திரும்பும்போது மேஜையில் வைத்த டம்ளர் நடுங்கும். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கப்பல் முந்நூறு மீட்டருக்குச் சற்றே குறைவான நீளம். கடைசி அறையிலிருந்து லிஃப்டுக்கு அம்மா ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் ஒரு தெருவளவு நடக்க வேண்டும். முன்பக்கத்துக்கும் இதே நியாயம்தான், கூடவே இன்னும் இரண்டு தொல்லை. காலையில் கரையடுக்கும்போது முன்பக்க உந்திகளும், நங்கூரம் இறங்கும்போது சங்கிலியும் கீழ்த்தள அறைகளை உலுக்கும். மூடுபனியில் ஓடும்போது இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் ஒரு நீண்ட சங்கொலி கொடுத்தே தீர வேண்டும் என்பது சர்வதேசக் கடல்விதி; அந்தச் சங்கு பெரும்பாலும் முன்பக்கம்தான் இருக்கும். அலாஸ்காவில் மூடுபனிக்குப் பஞ்சமில்லை.

அதனால் நடுலிஃப்டைத் தேடினேன். லிஃப்டுக்கு எதிரே இருக்கும் அறையையும் எடுக்கக்கூடாது. நள்ளிரவில் இறங்குகிறவர்கள் பேச்சையும் சிரிப்பையும் அங்கேதான் முடிப்பார்கள். ஐந்தாறு கதவு தள்ளி இருந்தால் சத்தமும் வராது, நடையும் குறைவு. அப்படி இரண்டு அறைகள் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தன. ஒன்று எங்களுக்கு, ஒன்று தம்பி குடும்பத்துக்கு.

இனி எந்தப் பக்கம்? போய்த் திரும்பும் பயணத்தில் இதற்குப் பதில் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். போகும்போது கடல் பார்த்தவர் வரும்போது கரை பார்ப்பார். சியாட்டிலில் தொடங்கி சியாட்டிலிலேயே முடிகிற கப்பல்கள் அப்படிப்பட்டவை. அவை பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக்கில்தான் போகும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி அங்கேயே இறக்குவதானால் நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும் என்ற 1886ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகக் கனடாவின் விக்டோரியாவில் ஒருமுறை நிற்கும். நாங்கள் போனது வான்கூவரிலிருந்து தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான உள்வழி. அது அலைக்கு ஒதுங்கிய நீர். தம்பி இந்த வழியைத் தேர்ந்ததே அம்மாவின் தலைசுற்றலை நினைத்துத்தான், அதற்காக அவனுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஒருவழியாக வடக்கே போகும் கப்பலில் பெருநிலம் முழுக்க வலப்பக்கம். குறிப்பாக, கடைசியில் அலாஸ்கா வளைகுடாவில் ஏறும்போது இடப்பக்கம் வெறும் சமுத்திரம், வலப்பக்கம் ஃபேர்வெதர் மலைத்தொடர். வலப்பக்கம் எடுத்தேன்.

இவ்வளவும் முடிந்த பிறகு, யாரும் சொல்லாத ஒன்றை அம்மாவே கேட்டாள். "ஏண்டி, அந்தப் பால்கனியில உக்காந்தா என் கண்ணுக்கு என்ன தெரியும்?" அம்மா ஐந்தடிக்கும் குறைவு. சில கப்பல்களில் தாழ்ந்த தளங்களின் பால்கனி முன்சுவர் இரும்புத் தகடு. நிற்பவருக்கு ஒரு குறையும் தெரியாது, உட்கார்ந்தால் தகடுதான் காட்சி. மேல்தளங்களில் கண்ணாடி. நான் குறித்து வைத்திருந்த அறைகளின் படத்தைத் தேடிப் பார்த்தேன். நல்லவேளை, கண்ணாடித் தடுப்பு, மேலே ஒரு மரக் கைப்பிடி. அப்படியே கூரையையும் பார்த்துக்கொண்டேன். படிப்படியாக உள்வாங்கிக் கட்டிய சில தளங்களில் பால்கனி வானத்துக்குத் திறந்திருக்கும்; கரீபியன் வெயிலுக்கு அது கொண்டாட்டம். தென்கிழக்கு அலாஸ்காவோ மழைக்காடு. எங்கள் முதல் துறைமுகமான கெட்சிகனில் வருடத்துக்குச் சுமார் 150 அங்குலம் மழை பெய்கிறது. சென்னையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். மேலே கூரை இல்லாத பால்கனியை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது?

கனடா பிளேஸ் துறையிலிருந்து கப்பல் பின்வாங்கித் திரும்பி, லயன்ஸ் கேட் பாலத்தின் அடியில் நுழைந்தபோது அம்மா பால்கனிக் கதவுக்கு உள்ளே நின்றிருந்தாள். கதவின் அடியில் தண்ணீர் வராமலிருக்க ஒரு சிறிய நிலைப்படி. அதைத் தாண்ட அவள் தயங்கினாள். அறையைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் சொன்னதும் ஒரு தடித்த குளியலறை மிதியடியை மடித்து இரண்டு பக்கமும் வைத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து அது படி ஆயிற்று. எங்கள் பால்கனிக்கும் தம்பி பால்கனிக்கும் நடுவிலிருந்த தடுப்பையும் அவனே ஒரு சாவியால் திறந்து மடக்கிவிட்டான். பக்கத்து அறைகளை ஒரே குடும்பம் எடுத்தால் பல கப்பல்களில் கேட்டவுடன் செய்து தருகிறார்கள். பேரப்பிள்ளைகள் தாழ்வாரத்துக்கே போகாமல் பாட்டியிடம் ஓடிவந்தார்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது அறைக்கதவைத் திறந்தால் காற்று ஊளையிட்டுக்கொண்டு பாய்ந்து, கனத்த கதவை அறைந்து சாத்தும். பிள்ளைகளின் விரல் அங்கே இருக்கக்கூடாது.

முதல் இரவுக்கு மறுநாள், தீவின் மறைப்பு முடிந்து குவீன் சார்லட் சவுண்ட் என்ற திறந்த நீரைக் கடந்தோம். அந்த உள்வழியில் ஆட்டத்துக்குப் பேர்போன இடம் அது. மேல்தள உணவுக்கூடத்தில் ஜூஸ் டம்ளர்கள் தட்டில் வழுக்கின. முன்பக்க அறைக்காரர்கள் இருவர் இஞ்சி மிட்டாய் கேட்டு வரிசையில் நின்றதைப் பார்த்தேன். அறைக்குத் திரும்பினால் அம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். மேஜையில் இருந்த ஃபிளாஸ்க் இருந்த இடத்திலேயே இருந்தது. வரைபடத்தோடு நான் உட்கார்ந்த நேரத்துக்கெல்லாம் அந்தக் குறட்டைதான் பலன்.

கிளேசியர் பே நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பலுக்கு மேல் விடுவதில்லை. 1794இல் வான்கூவர் என்ற கடலோடியின் குழு அங்கே வந்தபோது விரிகுடா என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை, வாய்முட்டப் பனிக்கட்டி. 1879இல் இயற்கையியலாளர் ஜான் ம்யூர் துடுப்புப் படகில் வந்தபோது அந்தப் பனி வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. பூங்காவின் ரேஞ்சர்கள் காலையில் சிறு படகில் வந்து கயிற்றேணி வழியாக ஏறி, ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னார்கள். அறைத் தொலைக்காட்சியிலும் அது கேட்டது. கதவைத் திறந்துவைத்து ஒலியைக் கூட்டினால் பால்கனிக்கு வந்தது. ஸ்வெட்டர், குல்லா, அதன் மேல் கப்பல் கம்பளி, மடியில் காபி என்று அம்மா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தடுப்பு வழியாக அவள் கண்மட்டத்துக்கே தண்ணீர் தெரிந்தது. கடல் நீர்நாய் ஒன்று மல்லாந்து படுத்து, வயிற்றில் குட்டியை வைத்துக்கொண்டு மிதந்து போனதை முதலில் பார்த்தவள் அவள்தான். மேல்தளத்தில் நின்றவர்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து அது ஒரு மரக்கட்டை.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றது. ஒரு மைல் அகலம், நீருக்கு மேல் சுமார் 250 அடி உயரம். வெள்ளை என்று நினைத்துப் போகிறோம். வெடிப்புகளுக்குள் நீலம், நம்மூர்ச் சொட்டு நீலத்தைவிட ஆழமான நீலம். முதலில் எங்கள் பக்கம் மலைச்சரிவுதான் இருந்தது. இடப்பக்கத்தார் கைதட்டும் சத்தம் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். கப்பல் நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்று எங்கள் பக்கத்தையும் பனிக்கு நேரே கொண்டுவந்து அவ்வளவு நேரமே நிறுத்தியது. எல்லாக் கப்பலும் அங்கே அப்படித்தான் செய்கின்றன. பக்கம் பார்த்து அறை எடுப்பவர்கள் பனியாற்றுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு வீட்டளவு துண்டு சரிந்து விழுந்தது. விழுவது முதலில் தெரிந்தது; தண்ணீர் எழும்பியது; அதற்கப்புறம்தான் இடி வந்தது. அம்மா காபி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மலை நகர்றதுடி" என்றாள். அந்த ஒரு மணி நேரமும் அவள் எழுந்திருக்கவில்லை, யாரும் அவள் முன்னால் வந்து நிற்கவும் இல்லை.

ஜூனோ, ஸ்காக்வே பற்றி எழுத எனக்கு அதிகமில்லை. இறங்கி நடக்கும் ஊர்கள் அவை, அம்மாவும் நானும் பாதிநேரம் கப்பலிலேயே இருந்தோம். வளைகுடாவில் ஏறிய மாலை வானம் வெளுத்தது. ராத்திரி பத்து மணி நெருங்கியும் வெயில் இருந்தது. பதினைந்தாயிரம் அடிக்கு மேல் நிற்கும் ஃபேர்வெதர் சிகரத்தின் மேல் அது மேற்கேயிருந்து விழ, எங்கள் பக்கத்துப் பால்கனிகளில் ஆட்கள் சாப்பாட்டுத் தட்டோடு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். இடப்பக்கத்து அறைக்காரர்களும் தாழ்வாரம் தாண்டி வந்து பொதுத்தளத்தில் நின்று பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நடக்க முடிந்தவர்களுக்குப் பக்கம் ஒரு பெரிய விஷயமில்லை. அம்மாவுக்கு அது எல்லாமுமாக இருந்தது.

பெற்றோரைக் கப்பலில் அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. விலையைக் கேட்பதற்கு முன்னால் டெக் பிளானைக் கேட்டு வாங்குங்கள். மேல்தளம் கௌரவம், கீழ்த்தளம் குறைச்சல் என்று ஏஜென்ட் பேசினால் கேட்டுக்கொள்ளாதீர்கள். நடுவில், மேலும் கீழும் அறைகள் இருக்கிற இடத்தில், லிஃப்டிலிருந்து ஐந்தாறு கதவு தள்ளி, கண்ணாடித் தடுப்பும் கூரையும் உள்ள பால்கனியைக் கேளுங்கள். அறை எண்ணைக் கம்பெனியே ஒதுக்கும் மலிவுக் கட்டணம் உங்களுக்குச் சரிப்படலாம், அவர்களுக்குச் சரிப்படாது. எண்ணை உறுதிசெய்து, எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.